அரசன் மிச்சம் வைத்த இலை

“இலையைப் பாருங்கள் மகாராஜா. ஆட்டுக்கறி அப்படியே கிடக்கிறது. அவரைக்காயிலும் முறுக்கிலும் கை படவில்லை. மோர்ச்சோறு மட்டும் போயிருக்கிறது. ஒன்று, சமையற்காரனுக்குக் கை கெட்டுவிட்டது. இல்லை, எதையோ கலக்கிறான்” என்றான் விடங்கன்.

எந்தக் காலத்திலோ வெண்ணிநாட்டை ஆண்ட பூதவர்மனின் அரண்மனையில், அரசன் உண்ட இலையைச் சபையில் காட்டுவது வழக்கம். காட்டும் பதவி விடங்கனுடையது.

பூதவர்மன் இலையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குக் கடைவாய்ப் பற்கள் போய் ஒரு வருடம். முன்னால் மிஞ்சிய நாலும் ஆடின. கரும்பைப் பல்லால் உரித்த வீரன் என்று புலவர்கள் பாடிவிட்டார்கள். இனி இதை யாரிடம் சொல்வது? ராணி இருந்தால் சொல்லாமலே தெரிந்துகொண்டிருப்பாள். அவள் போனதிலிருந்து தனிச் சாப்பாடுதான். இளைத்த விரலில் மோதிரம் நிற்கவில்லை.

“சமையற்காரன் ஆச்சன் நாளையே நாட்டை விட்டுப் போகட்டும்” என்றான். முப்பது வருடம் சோறு போட்டவன். சொன்ன வாய் கசந்தது.

அமைச்சன் தத்தன் எழுந்தான். “நாளை மதியம் வரை பொறுங்கள் மகாராஜா. எனக்குப் பல் போய்விட்டது. ஆச்சன் கையால் குழைவாக ஒரு வேளை, உங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறேன்.”

விடங்கன் சிரித்தான். “அரசர் பந்தியில் எல்லோருக்கும் ஒரே சமையல். உமக்குக் கூழ் என்றால் மகாராஜாவுக்கும் கூழா?”

“கூழ் எதற்கு ஐயா? மீனை முள் எடுத்துப் புட்டு செய்யலாம். முருங்கைக்கீரையைப் பருப்போடு கடையலாம். கறியைக் கொத்திக் குழைய வேக வைக்கலாம். வெறும் மோர்ச்சோற்றில் மனிதன் எத்தனை நாள் நடமாடுவான்?”

தத்தன் அரசனைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்தே பேசினான்.

“பொய். போன வாரம் இவர் வறுத்த கடலை கொறித்ததைப் பார்த்தேன். வாயைக் காட்டச் சொல்லுங்கள் மகாராஜா” என்றான் விடங்கன்.

தத்தன் யாருக்காகப் பொய் சொல்கிறான் என்று அரசனுக்குப் புரிந்தது. நாக்கு தானாக வெற்று ஈறைத் தடவியது.

“என் சபையில் ஒருவர் வாயைக் காட்டினால் எல்லோரும் காட்ட வேண்டும். நீ தொடங்கு.”

விடங்கன் வாயைப் பொத்திக்கொண்டான். அரசன் விடவில்லை. கையை எடுத்தபோது உள்ளே வெற்றிலைக் காவியும் மூன்று சொத்தைப் பற்களும்தான் இருந்தன. சபை சிரித்தது.

“கறியை எப்படித் தின்கிறாய்?”

“விழுங்கிவிடுவேன் மகாராஜா.”

“யாரிடமும் சொல்லவில்லையா?”

“சொன்னால் கிழவன் என்பார்களே.”

அரசன் சிரிக்கவில்லை. அடுத்து யார் வாய் என்று எவரும் கேட்கவுமில்லை.

“ஆச்சன் இருக்கட்டும். இனி சமையல் தத்தன் சொன்னபடி. தத்தன் தினமும் என் பந்தியில் உண்பான். இலை காட்டும் பதவி இன்றோடு போயிற்று. விடங்கா, உனக்கும் அதே சாப்பாடுதான், சமையற்கட்டில் வாங்கிக்கொள்.”

மறுநாள் மதியம் இருவருக்கும் இலை போட்டார்கள். தத்தன் பல்லில்லாதவனைப் போல ஒவ்வொரு கவளத்தையும் வாயில் உருட்டி உருட்டி விழுங்கினான். அவன் இலையில் பாதிகூட ஆகவில்லை. அதற்குள் அரசன் முடித்துவிட்டான். அரசன் எழுந்தால் பக்கத்தில் இருப்பவனும் எழுந்தாக வேண்டும்.

அரசன் இன்னொரு பிடி சோறு வாங்கி, இலையில் பரப்பி, பிசைந்துகொண்டே இருந்தான்.