பிலிம் ஒட்டிய மாப்பிள்ளைக் கார்

கோட்டைவிளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். சொன்னால் போய்ப் பார்ப்பீர்கள். போனால் அந்த ஊர்க்காரர்கள் உங்களிடம் யோசனை கேட்பார்கள். நீங்களும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஏதாவது சொல்லித் தொலைப்பீர்கள். அப்புறம் நடப்பதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு. அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர்கள்.

அந்த ஊர் ஆதிலிங்கத்துக்குக் கல்யாணம் கூடிவந்தது. அதற்கு முன் பார்த்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போய் மனம் வெறுத்திருந்தவன், செண்பகவல்லியைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் திரிந்தான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா பூலோகபாண்டியன்தான் ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்பிள்ளை சொந்தக் காரை ஓட்டிக்கிட்டு மண்டபத்துக்கு வந்து இறங்கணும். கார்ல ஒரு கீறல் இருந்தாலும் கல்யாணம் கிடையாது."

ஆதிலிங்கத்திடம் பழைய கார் ஒன்று இருந்தது. அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து மினுக்கிவிட்டு, எங்கே கீறல் விழுந்துவிடுமோ என்று பயந்து செத்தான். அவனுடைய கூட்டாளிகள் கொம்பையாவும் பேச்சிமுத்துவும் அவனைத் தேற்றி, டவுனில் கார் சாமான் கடை வைத்திருக்கும் தங்கதுரை அண்ணாச்சியிடம் கூட்டிப்போனார்கள்.

அண்ணாச்சி, பாவம், நல்ல மனுஷர். பொறுமையாக விளக்கினார். "பாடி கிட் மாட்டிருங்க, முன்னால போடுற பெரிய பம்பர்தான். கல்லு தெறிச்சாலும் பெயிண்ட்ல படாது. மூணு தினுசு இருக்கு. ஃபைபர் விலை கம்மி, ஆனா இடிச்சா நொறுங்கிரும். பிளாஸ்டிக் வளையும், சட்டுனு உடையாது. கார்பன் ஃபைபர் லேசா இருக்கும், பலம் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. உக்காந்து யோசிச்சு எடுங்க."

மூவரும் கடை வாசலில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"லேசாவும் இருக்குமாம், பலமாவும் இருக்குமாம். அது எப்படிலே?" என்றான் கொம்பையா.

"லேசா இருந்தா காத்துல பறந்துரும். பறந்துபோன பிறகு அது பலமா இருந்து நமக்கு என்ன?" என்றான் பேச்சிமுத்து.

"அப்ப ஃபைபர்?"

"அது இடிச்சாத்தான நொறுங்கும்? இடிக்காமப் போனா நொறுங்காது. இடிக்காமப் போறவனுக்குப் பம்பர் எதுக்குங்கேன்?"

கடைசியில் ஆதிலிங்கம் பிளாஸ்டிக்கை எடுத்தான். மாமனார் வீட்டுக்குப் போகிற வண்டி கொஞ்சம் வளைந்து கொடுப்பதுதான் மரியாதை என்பது அவன் கணக்கு.

பம்பரை மாட்டி முடித்த அண்ணாச்சி, "கொஞ்சம் தாழ இருக்கு. வேகத்தடையில உரசாமப் பாத்துக்கிடுங்க" என்றார். நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் காரை நிறுத்தி, பம்பரைக் கழற்றி, கொம்பையா தலையில் சுமந்து தாண்டிப் போனதும் மறுபடி மாட்டினார்கள். பின்னால் வந்த பஸ் டிரைவர் இவர்கள் மூவரின் பரம்பரையையும் இழுத்துத் திட்டினார். திட்டினால் கீறல் விழாது என்பதால் இவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பெயிண்டைக் காப்பாற்றுவதற்கென்று கண்ணாடி போலத் தெரிகிற பிலிம் ஒரு சுருள் வாங்கியிருந்தார்கள். கடையிலேயே ஒட்டித் தருகிறேன் என்றுதான் அண்ணாச்சி மன்றாடினார். இவர்கள் நல்ல நேரம் பார்த்து வீட்டில் ஒட்டுவதாகச் சொல்லிவிட்டார்கள். அவரும் சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பினார். ஒட்டும்போது வண்டி அசையக் கூடாது. ஓர் இடைவெளிகூட விடக் கூடாது. ஒட்டிய பிறகு ஒரு வாரத்துக்கு யாரும் ஓரத்தைப் பிரிக்கக் கூடாது.

வண்டி அசையாமல் இருப்பதற்காக ஆதிலிங்கம் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டான். மற்ற இருவரும் ஒட்டினார்கள். கூரை, கதவு, கதவைச் சுற்றியிருந்த சந்து, கண்ணாடி, கைப்பிடி, பம்பர் என்று எதையும் விடவில்லை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் கார் தகதகவென்று இருந்தது. உள்ளேயிருந்து ஆதிலிங்கம் இரண்டு கையையும் ஆட்டினான். சந்தோஷப்படுகிறான் என்று நினைத்து இவர்களும் ஆட்டினார்கள்.

"கதவு திறக்கலலே!" என்று கத்தினான் அவன்.

"எப்படித் திறக்கும்? ஒரு வாரம் ஆகணும்லா!"

"வியாழக்கிழமை கல்யாணம்லே!"

பேச்சிமுத்து தாடையைச் சொறிந்தான். "மாமனாரு கார்லதான் கீறல் கூடாதுன்னாரு. கார்ல கீறல் இருக்கா? இல்ல. பிறகு ஏன் கிடந்து கத்துத?"

மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. பழைய கார் அல்லவா, தரை துருப்பிடித்து ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாக இட்லி போனது, தண்ணீர் போனது, கல்யாணத்தன்று காலையில் பட்டு வேட்டியும் மாலையும் போயின. மாப்பிள்ளை தயார்.

இந்த முறை பம்பரைக் கழற்ற முடியாது, பிலிம் ஒட்டியிருக்கிறது. ஆகவே கொம்பையாவும் பேச்சிமுத்துவும் கடப்பாரையோடு முன்னால் ஓடி, வேகத்தடைகளைப் பெயர்த்து, கார் போனதும் பழையபடி அடுக்கி வைத்தார்கள். அடுத்தவர் பொருள் இல்லையா!

மண்டப வாசலில் பூலோகபாண்டியன் காரை இரண்டு சுற்று சுற்றி வந்தார். எங்கேயும் கீறல் இல்லை. முகமெல்லாம் பல்லாக, "இறங்குங்க மாப்ளே" என்றார். ஆதிலிங்கம் நிலைமையைச் சொன்னான். கூட்டத்தில் ஒருவர், "அடியில ஓட்டை இருக்குல்லா, அது வழியா வரட்டுமே" என்றார்.

"அதெப்படிவே?" என்று கொம்பையா மறித்தான். "மாமா வந்து இறங்கணும்னுல்லா சொன்னாக. கதவைத் திறந்து வந்தாத்தான் இறங்குறது. ஓட்டை வழியா வந்தா அதுக்குப் பேரு விழுறது."

"நியாயம்தான்" என்று பூலோகபாண்டியன் தலையாட்டினார். "விழுந்த மாப்பிள்ளைக்கு நான் பொண்ணு கொடுக்க மாட்டேன்."

முகூர்த்தம் தப்பிக்கொண்டிருந்தது. ஆதிலிங்கம் கண்ணாடிக்கு உள்ளே மாலையும் கழுத்துமாக அழாக்குறையாக இருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. செண்பகவல்லி விறுவிறுவென்று வெளியே வந்து, "அவுக விழ வேண்டாம்பா. நான் ஏறிக்கிடுதேன்" என்றாள். ஏறுவதற்குத் தடை எதுவும் சொல்லப்படவில்லை. ஜமுக்காளம் விரித்தார்கள். பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு அவள் காருக்கு அடியில் புகுந்து உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே தாலியும் போனது. மேளக்காரர் கண்ணாடியில் காதை வைத்து, கட்டியாயிற்று என்று உறுதி செய்துகொண்டு கெட்டிமேளம் கொட்டினார்.

சனங்கள் அட்சதையைக் காரின் மேலேயே அள்ளித் தூவினார்கள். முன் கண்ணாடி முழுக்க மஞ்சள் அரிசி. மகள் முகம் தெரியவில்லையே என்று பூலோகபாண்டியன் ஆசை ஆசையாகக் கையால் துடைத்தார். மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மோதிரம், கதவு திறக்காததால் அவர் விரலிலேயே கிடந்தது. சர்ரென்று ஒரு சத்தம். பிலிமில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது.

"கீறல்! சொன்னா சொன்னதுதான். கல்யாணம் கிடையாது. வந்த வழியே திரும்பிப் போங்க!"

ஆதிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பெரியவர்கள் சொல்லைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. வண்டியைத் திருப்பினால் பெரியவருக்கு முதுகைக் காட்டியதாகிவிடுமே என்று ரிவர்ஸ் கியரைப் போட்டு, மாமனாரைப் பார்த்துக் கும்பிட்டபடியே பின்னால் போனான். பக்கத்தில் செண்பகவல்லி எல்லோருக்கும் கையசைத்தாள். கொம்பையாவும் பேச்சிமுத்துவும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கார் தெருமுனையில் மறைந்தது.

"உம்ம மகளும்லா போறா!" என்று கூட்டம் பதறியது.

பூலோகபாண்டியன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவ சாயங்காலம் வந்துருவா வே. அந்தப் பையனைப் பாத்தீரா? முகத்தைத் திருப்பாம, ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம போறான். இவன் மட்டும் எனக்கு மாப்பிள்ளையா வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்! நமக்குக் கொடுத்துவைக்கலையே."