இருவாட்சியும் எரிமலையின் வாயும்

மலைச்சரிவுக் காட்டில் தடிமூக்கன் என்றொரு இருவாட்சிப் பறவை இருந்தான். அவன் மனைவி பூவரசி மரப்பொந்துக்குள் குஞ்சு பொரித்திருந்தாள். இருவாட்சிகளின் வழக்கப்படி பொந்தின் வாயை மண்ணால் அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை மட்டும் விட்டிருந்தார்கள். மண் கொண்டுவந்தது அவன். உள்ளேயிருந்து பூசியது அவள். ஆனால் காடு முழுக்க, "நான் கட்டின சுவர்!" என்று பீற்றிக்கொண்டு திரிந்தது அவன்தான்.

மரத்தடியில் குடியிருந்த காட்டுப்பன்றி உருளையனுக்கு அந்தச் சுவரைக் கண்டாலே எரிச்சல்.

"அண்ணே! ஓட்டை பெரிசா இருந்தப்ப அண்ணியோட எச்சம் மரத்தடியிலதான் விழுந்துச்சு. கொஞ்சம் தள்ளிப் படுத்தேன். நீங்க ஓட்டையைச் சின்னதாக்கினதும் பீச்சியடிக்குது! எங்கே போய்ப் படுத்தாலும் என் மூஞ்சியிலதான்!"

"நம்ம வேலைப்பாடு அப்படி!" என்று சிரித்தான் தடிமூக்கன்.

ஒருநாள் காலை மலை டர்ரென்று கிழிந்தது. கரும்பாறையிலிருந்து மூங்கில் புதர்வரை நீளமாக ஒரு பிளவு. பிளவு நெடுக நெருப்பு திரைச்சீலைபோல் எழுந்து ஆடியது. மான்களும் முயல்களும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஓடின.

"அண்ணே, சுவரை உடைங்க! அண்ணியையும் குஞ்சையும் வெளியே எடுங்க!" என்று அலறினான் உருளையன்.

"என் சுவரை உடைக்கிறதா? பொறு, பாத்துட்டு வர்றேன்!"

பறந்துபோய்ப் பார்த்தான். பிளவின் இரண்டு முனைகளிலும் நெருப்பு அணைந்துகொண்டிருந்தது. தெறித்த நெருப்புக்குழம்பு ஓரங்களில் விழுந்து இறுகி, சுவராக உயர்ந்துகொண்டிருந்தது. தடிமூக்கன் காற்றிலேயே ஒரு குட்டிக்கரணம் போட்டான்.

"அடடா, இது நம்ம தொழிலாச்சே! மலை தன் வாயைத் தானே பூசி அடைக்குது! ஓடாதீங்க, கொஞ்ச நேரத்துல தூங்கிடும்!"

ஓடியவர்கள் நின்றார்கள். முயல்கள் குதியாட்டம் போட்டன. குரங்குகள் பாறையைத் தட்டித் தாளம் போட்டன. ஓரிடத்தில் நெருப்பு அணையும்போதெல்லாம் காடே "ஓஹோ!" என்று கூவியது. மாலைக்குள் பிளவு முழுக்க மூடிக்கொண்டு, தடிமூக்கனின் மரத்துக்கு நேர்மேலே சரிவில் ஒரே ஒரு வாய்தான் மிச்சமிருந்தது.

"பூவரசி! எல்லாம் மூடிடுச்சு! ஒரே ஒரு ஓட்டைதான் பாக்கி!"

"உள்ளே இருந்த நெருப்பெல்லாம் எங்கேங்க போச்சு?"

"எங்கேயாவது போயிருக்கும்!"

"எங்கே போகும்? உருளையன் தம்பி தினமும் எதுக்குங்க கத்துது? ஓட்டை சின்னதானதும் என் எச்சம் எவ்வளவு தூரம் பாயுது, மறந்துட்டீங்களா?"

தடிமூக்கனுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தான். மிச்சமிருந்த வாய் ஒரு உறுமல் உறுமியது. நெருப்பு மரங்களையெல்லாம் தாண்டி வானத்தில் பாய்ந்தது!

"ஓடுங்க! நான் சொன்னது தப்பு! ஓடுங்க!"

கத்திக்கொண்டே சுவரைக் கொத்தினான். காய்ந்து இறுகிய சுவர், சுலபத்தில் உடையுமா? அவன் வெளியே கொத்தினான், அவள் உள்ளே கொத்தினாள். "ஏன்தான் இவ்வளவு நல்லாக் கட்டினோமோ!" என்று அழுதேவிட்டான். கடைசியில் சுவர் பொத்தென்று விழுந்தது. ஆனால் பொந்துக்குள் இருந்த நாளில் இறகெல்லாம் உதிர்ந்துபோன பூவரசியால் பறக்க முடியாதே! குஞ்சை அலகில் கவ்வி, கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள்.

விழுந்தது உருளையன் முதுகில்! எல்லோரும் ஓடியும் அவன் மட்டும் மரத்தடியை விட்டு நகரவில்லை.

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க அண்ணி!" என்று ஓட்டமெடுத்தவன் ஆற்றைத் தாண்டித்தான் நின்றான்.

அக்கரையிலிருந்து பார்த்தபோது மரம் எரிந்துகொண்டிருந்தது. தடிமூக்கன் தலைகுனிந்து நின்றான். உருளையன் மெல்லத் தொண்டையைக் கனைத்தான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. வர்ற வழியில பயத்துல என் முதுகுல..."

பூவரசி வெட்கத்தில் குஞ்சுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்த தடிமூக்கன்கூட சிரித்துவிட்டான்.

வாய் சுருங்கியதைப் பார்த்து உள்ளிருக்கும் வேகமும் அடங்கிவிட்டதாக நினைப்பவன், தன்னை நம்பியவர்களையும் சேர்த்து ஆபத்தில் தள்ளுவான்.