கொத்தனார் வைத்த குஸ்குஸ்

குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு அறுபத்து மூன்று.

பிரேசில் நாட்டின் வடகிழக்கில், மழை எப்போதாவது எட்டிப்பார்க்கும் சிற்றூர் அது. அங்கே காலைப் பலகாரம் என்றால் குஸ்குஸ்தான். மக்காச்சோள மாவில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, ஆவியில் வேகவைப்பார்கள். நம்மூர்ப் புட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். லின்டால்வா அதைப் பேருந்து நிலையத்தில் விற்றாள்.

பக்கத்து வீட்டு அன்செல்மோ வேலையை விட்டு ஓய்ந்த கொத்தனார். ஒரு வியாழக்கிழமை கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, எனக்குக் குஸ்குஸ் செய்யக் கத்துக்குடுங்க."

"தினமும் எங்கிட்டதானே வாங்குறீங்க?"

"ஞாயித்துக்கிழமை என் மக வர்றா. என் கையால செஞ்சு போடணும்."

ஊருக்கே தெரிந்த கதை அது. அந்த வீட்டில் அன்செல்மோ வைத்ததுதான் சட்டம். மகள் ஜுரேமா வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோது, அவள் பையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவள் கட்டிய துணியோடு போய்விட்டாள். ஒன்பது வருடம் ஆயிற்று. இப்போதும் காலையில் வந்து மாலைப் பேருந்தில் திரும்புவதாகத்தான் சொல்லியிருந்தாள். ஒரு ராத்திரியாவது தங்கமாட்டாளா என்று கிழவர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

லின்டால்வாவின் அடுப்படியில் அவர் மாவை நனைத்தார். நனைத்த கையோடு பானைக்குக் கொண்டுபோனார்.

"உட்காருங்க," என்றாள் லின்டால்வா.

"எதுக்கு?"

"மாவு தண்ணி குடிக்கட்டும்."

பத்து நிமிடம் சும்மா உட்காருவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிறகு மாவைப் பானைக்குள் இருந்த ஓட்டைத் தட்டின்மேல் கொட்டினார். நாற்பது வருடப் பழக்கம் விடுமா? செங்கல் இடுக்கில் கலவையைத் திணிப்பதுபோல் கரண்டியால் அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். மூடியையும் துணி வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். லின்டால்வா தடுக்கவில்லை.

திறந்து பார்த்தால் அடியில் களி, மேலே பச்சை மாவு.

"இத வச்சு வீடு கட்டலாம்," என்றாள்.

"அமுக்கலேன்னா எப்படி நிக்கும்? உதிர்ந்துடாதா?"

லின்டால்வா வேறு மாவை எடுத்து, விரல் நுனியால் தட்டின்மேல் உதிர்த்துவிட்டு மூடினாள். அன்செல்மோவின் கை தானாக மூடிக்குப் போனது.

"கையை எடுங்க, கொத்தனாரே."

எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மூடியின் ஓரமாக ஆவி வந்தது, சோள வாசனையோடு. "ஆவி வந்துட்டா வெந்தாச்சு," என்று அவள் எடுத்துத் தட்டில் கவிழ்த்தாள். மஞ்சளாய், ஒரு பருக்கை சிந்தாமல் நின்றது குஸ்குஸ். எவனோ கட்டிய சுவரில் குறை கண்டுபிடிக்கப் பார்ப்பதுபோல் அன்செல்மோ அதைச் சுற்றிச்சுற்றி வந்தார். ஒரு குறையும் அகப்படவில்லை.

"இதை யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

"சாப்பிடுங்க, ஆறிடும்."

வெள்ளியும் சனியும் அவர் ஆறு தடவை செய்தார். ஆறையும் அவரே தின்றார்.

ஞாயிறு காலை ஜுரேமா வந்தாள். தட்டில் நின்ற குஸ்குஸைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வெண்ணெய் தடவிச் சாப்பிட உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அன்செல்மோ கொல்லைச் சுவருக்கு ஓடிவந்தார். கையில் மகளின் பை.

"டீச்சரம்மா, வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. நாலு மணிக்கு பஸ். இந்தப் பையை அலமாரியில வச்சுப் பூட்டிடட்டுமா? பை இல்லாம எங்க போயிடுவா?"

லின்டால்வா வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா, இன்னும் கொஞ்சம் இருக்கா?"

ஒன்பது வருடத்தில் மகள் அவரிடம் கேட்ட முதல் பொருள் அது. கிழவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பையின் வாரை விடவில்லை. விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

"இப்ப நான் என்ன செய்யட்டும், டீச்சரம்மா?"

"கையை எடுங்க, கொத்தனாரே. ஆவி வருது."