தொடர்பு அறுந்தவர்: ஒருவர்

ஐரோப்பிய ஆய்வு மையத்தின் பொது நிகழ்வு அந்த வருடம் பட்டுக்கோட்டையில் நடந்தது. ஆய்வின் முடிவுகளைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, சாதாரண மக்கள் முன்னால் ஒரு தடவையாவது வைக்க வேண்டும் என்பது நிதி கொடுத்தவர்களின் நிபந்தனை. கல்யாண மண்டபம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வந்தவர்களில் பாதிப் பேர் வருகைப்பதிவுக்காகக் கூட்டிவரப்பட்ட கல்லூரிப் பிள்ளைகள்.

ஜெனிதா மேடையில் இருந்தாள். வேலை தேடிக் கிளம்பி, ஐரோப்பாவின் எல்லைக் காடுகளில் சிக்கிக்கொண்ட தமிழ் இளைஞர்களைப் பற்றியது அவள் ஆய்வு. அங்கேயே போய்த் தங்கி அவர்களிடம் பேசிப் பதிவுசெய்திருந்தாள். அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் வைரவன் கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

வரைபடங்களைக் காட்டி முடித்ததும் அவள் ஒரு தாளை எடுத்து வாசித்தாள். ஓர் இளைஞன் அவளிடம் சொன்னது.

"இங்க குளிர்ல தூக்கம் வராது. வராட்டி எங்க ஊரு டவுன் பஸ்ல ஏறிக்குவேன். மனசுலதான். ஒவ்வொரு ஸ்டாப்பா பேரு சொல்லிக்கிட்டே வருவேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் முழிச்சிருந்ததே இல்ல."

பிறகு, ஊர்ப் பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன என்றாள்.

கூடம் அமைதியாக இருந்தது. கைதட்டினார்கள். கேள்வி கேட்கலாம் என்றாள்.

வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரிம்மா. இதுல ஏமாத்தாத ஏஜென்ட் யாருன்னு மட்டும் சொல்லு. என் மச்சினன் பையன் போலந்துக்குக் கெடந்து துடிக்கிறான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன், "மேடம், சர்டிபிகேட் இன்னைக்கே தருவீங்களா?" என்றான். மறுபடியும் சிரிப்பு.

பக்கவாட்டு வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். மாரிக்கண்ணு என்று பெயர் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த நோட்டீசில் ஐரோப்பா என்று பார்த்து வந்தவர். மைக்கை வாங்கத் தெரியாமல் வாங்கி, அதைக் கீழே பிடித்துக்கொண்டு பேசினார்.

"இப்ப படிச்சீங்கள்ல, அந்தப் பையன் அதை எப்பம்மா சொன்னான்?"

"பேரு, ஊரு, தேதி எதுவும் சொல்ல முடியாதும்மா. ஆய்வு விதி அப்படி."

"பேரு வேண்டாம். பேரு வச்சவ நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் கண்டக்டர். ஸ்டாப்பு பேரா சொல்லித்தான் புள்ளையத் தூங்கவைப்பார். ரைஸ் மில்லு, வாய்க்கால் பாலம், ஐயனார் கோயில், நாலு ரோடு. இப்படித்தானே சொன்னான்?"

பதிவில் இதே வரிசைதான் இருந்தது.

"அதெல்லாம் நீக்கிட்டோம்மா."

"நீங்க நீக்கினா எனக்கு மறந்துடுமா?"

ஜெனிதா கையிலிருந்த தாளை மடித்தாள்.

"போன் வந்து ரெண்டு வருசம் ஆச்சு. ஓட்டல்ல வேலை பாக்குறேன்னான். அதோட சரி. பெரியவன் வர்ற ஆடி அமாவாசைக்கு அவனுக்குத் திதி குடுத்துடலாங்குறான். உசுரோட இருக்குற புள்ளைக்கு எள்ளும் தண்ணியும் விடலாமாம்மா? விடலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"கொஞ்சம் உட்காருங்கம்மா. வந்துடறேன்."

நிகழ்ச்சி முடிந்தது என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் போண்டாவுக்கு ஓடினார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் மணமகள் அறை இருந்தது. வைரவன் அங்கே வந்து, கண்ணாடிக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜெனிதா கதவைச் சாத்தினாள்.

"அவங்க பையனா?"

"ஆமா சார்."

"இப்ப எங்க?"

"இல்ல சார். எல்லையில ஆத்தைக் கடக்கறப்ப போயிட்டான். கூடப் போன ரெண்டு பேர் கண்ணால பாத்திருக்காங்க. உடம்பு கிடைக்கல."

"அறிக்கையில அது இல்லையே."

"இருக்கு சார். பிற்சேர்க்கையில. 'ஆய்வின் இடையில் தொடர்பு அறுந்தவர்: ஒருவர்.'"

வைரவன் அந்த வரியைப் படித்திருந்தார். கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

"வீட்டுக்கு ஏன் சொல்லல?"

"அவன் கேட்டுக்கிட்டதே அது ஒண்ணுதான் சார். 'எங்கம்மாவுக்கு மட்டும் நான் இங்க இருக்கறது தெரியக் கூடாதுக்கா'ன்னான். சத்தியம் பண்ணச் சொன்னான். பண்ணினேன். அதுக்கப்புறம்தான் பேசவே ஆரம்பிச்சான்."

"சரி. அதை இங்க வந்து ஏன் வாசிச்ச?"

ஜெனிதா துப்பட்டாவின் நுனியைப் பார்த்தாள்.

"எல்லா ஊர்லயும் அதைத்தான் வாசிப்பேன் சார். டெல்லியில வாசிச்சேன். பிரஸ்ஸல்ஸ்ல வாசிச்சேன். அந்த இடம் வந்ததும் அமைதியாயிடுவாங்க. கடைசியில வச்சா நல்லா முடியும்."

வெளியே நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது.

"சார், ஆய்வு நெறிக் குழுவுக்கு நீங்கதான் தலைவர். பேசினவங்க ரகசியத்தைக் காப்பாத்துவோம்னு கையெழுத்துப் போடற படிவமே நீங்க எழுதினது. இந்த ஒருத்தர் விஷயத்துல விலக்கு குடுங்க. நீங்க அனுமதி குடுத்தா நான் போய்ச் சொல்லிடறேன்."

"உங்கிட்ட பேசின மத்தவங்க?"

"கொஞ்சம் பேர் இன்னும் அங்கதான் சார் இருக்காங்க. எப்பவாவது போன் பண்ணுவாங்க."

"அவங்க என்ன கேட்டுக்கிட்டாங்க?"

"இதையேதான். வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு."

"இவனுக்கு விலக்கு குடுத்தது தெரிஞ்சா?"

"பேச மாட்டாங்க சார். செத்தா அக்கா வீட்டுக்குச் சொல்லிடும்னு தெரிஞ்சா, ஆத்துல இறங்கறதக்கூட யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க."

வைரவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"அனுமதி இல்ல," என்றார்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எதிரே சுவர்க் கண்ணாடியில் அதை அவளே பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி சார். அப்ப முடியாதுன்னு சொல்லிடறேன். விதி இடம் கொடுக்கலைன்னு சொல்றேன். நீங்க சொன்னீங்கன்னு சொல்ல மாட்டேன்."

வைரவன் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

கூடம் காலியாகிவிட்டது. மாரிக்கண்ணு உட்கார்ந்திருந்த நாற்காலியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மடக்கிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். யாரோ அவர் கையில் ஒரு டீ கப்பைக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைக் குடிக்கவில்லை. கதவு திறந்ததும் எழுந்து நின்றார்.

"அமாவாசைக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியணும்," என்றார் வைரவன் தணிந்த குரலில். "போய்ச் சொல்லு."

"என்னன்னு சார்?"

"ஆத்தைப் பத்தி."

ஜெனிதாவுக்குப் புரியவில்லை. "அனுமதி இல்லைன்னீங்களே."

"இல்லதான். குடுத்தா எல்லாருக்கும் விதி மாறிடும்; நீ மீறித்தான் சொல்லணும்."

"சொன்னா விசாரணை வரும் சார். என் பட்டம்…"

"வரும். பட்டமும் போகலாம்."

கூடத்தின் நடுவிலிருந்து மாரிக்கண்ணு இரண்டடி எடுத்து வைத்து, மேலே வரலாமா என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

"நீங்களும் கூட வாங்க சார். அவங்க முகத்தைப் பாத்து என்னால தனியா சொல்ல முடியாது."

"நான் வரக் கூடாது," என்றார் வைரவன். "உன்னை விசாரிக்கப்போறவன் நான்."