தத்தையின் இடது கண்

எப்போதோ, கடலோரத்தில் வேம்பூர் என்றொரு நாடு. அதை ஆண்ட செங்குட்டரையன் காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசளிப்பான். மாலையில் திருப்பிக் கேட்பான்.

அவன் அவையில் காரி என்று ஓர் ஓவியன் இருந்தான். கண்ணால் பார்த்ததை மட்டுமே வரைவான். பார்த்த எதையும் விடமாட்டான். அவைப்புலவர் மாதேவனாரை வரைந்தபோது மூக்கின் மேலிருந்த மருவும் வெற்றிலைக் கறையேறிய பல்லும் படத்தில் இருந்தன. அவை சிரித்தது. புலவர் அதை மறக்கவில்லை.

அரசனின் ஒரே மகள் தத்தை ஏழு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். மூன்று மாதம் அவை கூடவில்லை. கூடிய அன்று அரசன், "காரி, என் மகளை வரைந்து கொடு" என்றான்.

"உயிரோடு நான் பார்த்ததில்லை, அரசே. கிடத்தியிருந்த அன்று ஒருமுறை பார்த்ததுதான்."

புலவர் எழுந்தார். "மரு இருந்தால்தான் ஓவியருக்குக் கை வருமோ? நாற்பது நாள் கொடுங்கள், அரசே. சாயல் தப்பினால் கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். சரிபார்க்க நானிருக்கிறேன். என் மடியில் வளர்ந்த குழந்தை."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

நாற்பதாம் நாள் திரை விலகியது. முன்பல் விழுந்த இடம்கூடத் தெரிந்தது. தத்தையேதான். கண்கள் மட்டும் மூடியிருந்தன.

"கண் எங்கே, ஓவியரே?"

"கண் திறப்பது கடைசி வேலை, புலவரே. நான் பார்த்தது மூடிய கண். திறந்த கண்ணைப் பார்த்தவர் சொன்னால் இப்போதே திறக்கிறேன். உங்கள் மடியில் வளர்ந்த குழந்தைதானே?"

"இதிலென்ன! இரண்டு கருவண்டுகள்."

"உங்கள் பாட்டில் எல்லாப் பெண்களுக்கும் அதுதானே இருக்கிறது. இந்தக் குழந்தைக்கு?"

அவை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தான், அவனுக்கும் தெரியவில்லை. தத்தையை வளர்த்த செவிலி நங்கையை அழைத்து வரச் சொன்னான்.

"கறுப்பில்லீங்க ராசா, தேன் நிறம்" என்றாள் நங்கை. "இடது கண்ணுல எள்ளு மாதிரி ஒரு பச்சைப் புள்ளி. 'அப்பாவுக்கும் இருக்கா'ன்னு பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கும். நீங்க போர் முடிஞ்சு வந்ததும் கிட்ட நின்னு பாக்கணும்னு இருந்துச்சு."

அரசன் தன் இடது கண்ணருகே விரலை வைத்தான். பிறகு காரியைப் பார்த்து, "எனக்கு இருக்கிறதா?" என்று கேட்டான்.

"இருக்கிறது, அரசே. மூன்று முறை வரைந்திருக்கிறேன்."

அரசன் தன் மோதிரத்தைக் கழற்றிக் காரியின் கட்டைவிரலில் போட்டான். "புலவரே, இனி நீங்களும் பார்த்ததை மட்டும் பாடுங்கள்" என்றான். அந்த ஆண்டு முழுவதும் புலவருக்கு ஒரு பாட்டும் வரவில்லை.

காரி தேன் நிறத்தைக் குழைத்தான். அரசன் அரியணையிலிருந்து இறங்கி வந்து, படத்துக்கு முன்னால், ஏழு வயதுக் குழந்தையின் உயரத்துக்கு மண்டியிட்டான்.

"இப்போது திற" என்றான். "அவள் பார்க்கட்டும்."

காரி இடது கண்ணை முதலில் திறந்தான். முடியும்வரை அரசன் இமைக்கவில்லை.