தளவாயின் இடது கை

“கிளவுஸ் போடணுமா, கழட்டணுமா? ஒரு வார்த்தை சொல்லிருங்க டீச்சர்!”

கேட்ட தளவாய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஐம்பது வயசு. அவருக்கு ஸ்நூக்கர், அதாவது கம்பால் பந்தைக் குழிக்குள் தள்ளும் மேசை ஆட்டம், சொல்லிக்கொடுக்கிற ஜெசிந்தாவுக்கு இருபத்தொன்பது.

நாலு மணிக்கு இறுதி ஆட்டம். ஜெயிக்கிறவருக்குத்தான் துறைமுக அணியில் இடம். மூன்று வருசமாய் அந்த இடத்துக்காகத் தூக்கத்தில்கூட குறி பார்த்தவர் தளவாய்.

“போட்டா என்ன?”

“சிலுவை சிரிக்கான். எதிர்த்து ஆடப்போறவன் அவன்தானே. ‘இது பூல் பில்லியர்ட்ஸ் இல்லவே, கைக்குச் சட்டை எதுக்கு’ங்கான்.”

“கழட்டினா?”

“கடல்காத்துக்குக் கை வேர்த்து, கம்பு ஒட்டுது.”

“முன்ன நீங்க பூல் ஆடும்போது?”

“அது தடிக்கம்புல்லா. விரலை மோதிரமா வளைச்சு அதுக்குள்ள விடுவோம். கிளவுஸ் இல்லாம வழுக்காது. இங்க கம்பு ஒல்லி, பந்து சின்னது, பாக்கெட்டும் இறுக்கம். இடது கைப் பெருவிரல் மேல சும்மா சாஞ்சு கெடக்கு. போடவா வேண்டாமான்னு…”

ஜெசிந்தா மேசையில் பந்துகளை உருட்டிவிட்டாள்.

“இந்தச் சிவப்பை அடிங்க. அடிச்சபிறகு வெள்ளைப் பந்து எங்க நிக்கும்?”

“நான் கேட்டது கிளவுஸ்…”

“வெள்ளை எங்க நிக்கும் அண்ணாச்சி?”

தளவாய்க்குக் கோபம் வந்தது. “அந்தா, நீலப் பந்துக்குப் பின்னால!”

அடித்தார். சிவப்பு குழிக்குள் விழுந்தது. வெள்ளை ஒரு சாண் தாண்டிப் போனது.

“திரும்ப.”

கிளவுஸைக் கழட்டி அடித்தார். அரைச் சாண். வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு மாட்டி அடித்தார். நாலு விரற்கடை.

“திரும்ப.”

மாட்டினார், கழட்டினார், அடித்தார். அப்புறம் எது முன்னே எது பின்னே என்று அவருக்கே கணக்கு விட்டுப்போச்சு. சொன்ன இடத்தில் வெள்ளை நின்றது. திரும்ப நின்றது. ஏழாவது தடவை, கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி நின்றது.

“அசையாதீங்க. கையைப் பின்னால கட்டுங்க. விரலை உரசப்பிடாது.”

கட்டினார்.

“இப்போ கிளவுஸ் இருக்கா, இல்லையா?”

“அட, ஞாபகம் இல்லையே டீச்சர்!” என்றார் தளவாய்.

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். “மணி நாலாகப்போகுது, கிளம்புங்க. எம்பிள்ளை பள்ளிக்கூட வாசல்ல நிப்பா.”

பின்னால் கட்டிய கையைப் பார்க்காமலே தளவாய் போட்டி நடக்கும் கூடத்துக்குப் போனார்.

“என்னவே, கையைப் பின்னால ஒளிச்சுட்டு வாரீரு?” சிலுவை கத்தினான். “சட்டை மாட்டியாச்சா, அவுத்தாச்சா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தளவாய் மேசையைப் பார்த்தார்.

“வெள்ளை நிக்கிற இடத்தைப் பாரும்வே,” என்றபடி கம்பை எடுத்தார்.