சிவப்பு நூல் கட்டிய கொக்கி

பிரகாசம் பர்னாந்து வருஷா வருஷம் தூத்துக்குடியிலிருந்து நீலகிரிக்குப் போய், மூன்று நாள் மீன் பிடித்து, பிடித்ததையெல்லாம் ஓடையிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார். கடற்கரைத் தெருவில் பிறந்தவர் செய்கிற காரியமா இது? சேதி பரவிய அன்று அந்தத் தெருவில் ஒருவர் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, ஈஸ்டர் வரை அந்த விக்கல் நிற்கவில்லையாம்.

பர்னாந்து அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் பைலட்டாக இருந்தவர். புறப்படும் கப்பலில் ஏறி, ஆழ்கடல் வரை வழிகாட்டி, கயிற்றேணியில் படகுக்கு இறங்குவார். இறங்கியதும் கப்பலின் இரும்பு விலாவை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "போயிட்டு வாம்மா" என்பார். அப்படி அனுப்பிய ஒரு கப்பல்கூட மூழ்கியதில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்.

மலையில் அவர் தங்கும் இடம் ஓடைக்கரையில் ஒரு மரக்குடில். அதைப் பார்த்துக்கொண்டு, வருகிறவர்களுக்குத் தூண்டில் வீசவும் கற்றுக்கொடுப்பவர் போஜன். படுகர். பர்னாந்தைவிட இருபத்தாறு வயது சின்னவர். முதல் நாள் பர்னாந்து வீசிய தூண்டில் பதினேழு தடவை அவருடைய தொப்பியையே பிடித்தது. பதினெட்டாவது தடவை போஜன் அவர் மணிக்கட்டைப் பிடித்து வீச வைத்தார். அன்றிலிருந்து பர்னாந்துக்கு அவர் ஆசான்.

ஆசானிடம் மூன்று கண்டிப்புகள் உண்டு. கொக்கி நுனியில் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். அது இருந்தால் கொக்கி கழலாது. மீனைத் தொடுவதற்கு முன் கையை நனைக்க வேண்டும். விடும்போது தூக்கி எறியக் கூடாது. நீரோட்டத்தைப் பார்க்க வைத்துத் தண்ணீருக்குள் தாங்கிக்கொண்டு, அதுவாகப் போகும்வரை நிற்க வேண்டும்.

குடிலில் போனுக்கு சிக்னல் எடுக்காது. மேட்டில் ஓர் ஒற்றைப் பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறினால் எடுக்கும். நாலு வருஷமாகப் பர்னாந்து அதில் ஏறியதே இல்லை. கேட்டால் முட்டிவலி என்பார்.

நாலு வருஷத்துக்கு முன்புதான் அவருடைய ஒரே மகள் மெலிட்டா நியூசிலாந்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவோடு பேசுவாள். போனை அப்பா வாங்கினால் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும், பிறகு அதுவும் கேட்காது. ஊருக்கு ஒருமுறைகூட வரவில்லை.

அந்த வருஷம்தான் அவர் முதன்முதலாக இந்த ஓடைக்கு வந்தது. வாலின் ஓரம் பிறைபோலக் கடிபட்ட ஒரு ட்ராவுட் மீனைப் பிடித்து, ஓடையிலேயே திரும்ப விட்டார். முழங்கை நீளம். அவர் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அது முழுக்கை நீளம் ஆகிவிட்டது. தூத்துக்குடி போய்ச் சேர்ந்தபோது, அது திரும்பிப் படுக்க அந்த ஓடையில் இடமில்லை. போன வருஷம் அதே மீன் மறுபடி மாட்டி, நூலை அறுத்துக்கொண்டு கொக்கியோடு போய்விட்டது.

வரும்போதெல்லாம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"விட்டது திரும்பி வருமா, ஆசானே?"

போஜன் டீத்தண்ணி வைக்க எழுந்து போய்விடுவார்.

இந்த வருஷம் மூன்றாம் நாள் காலை, பனி விலகும் நேரத்தில் தூண்டில் வளைந்தது. பர்னாந்து இடுப்பளவு தண்ணீரில் நின்று மெல்ல இழுத்தார். மீன் அதிகம் போராடவில்லை. போஜன் கைகளை நனைத்துக்கொண்டு அதை ஏந்தினார். வாலில் பிறை இருந்தது. ஆனால் உடம்பு வற்றி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

இன்றைய கொக்கியின் எதிர்முள்ளை அதிகாலையில் நசுக்கிக் கொடுத்தது போஜன்தான். அது தொட்டதுமே கழன்று விழுந்தது. தாடையில் இன்னொரு கொக்கி இருந்தது. மீனை ஏமாற்றக் கொக்கியில் இறகும் நூலும் கட்டிச் செய்யும் பொய்ப்பூச்சி; துருப்பிடித்து, சதைக்குள் புதைந்து, இறகெல்லாம் உதிர்ந்திருந்தது. அதன் கழுத்தில் சிவப்பு நூல் மட்டும் இன்னும் சுற்றியிருந்தது. மெலிட்டாவின் பள்ளிக்கூட ரிப்பனிலிருந்து பர்னாந்து உருவிய நூல்.

"இது யார் கட்டினது, ஐயா?"

"நான்தான்."

"எதிர்முள் அப்படியே இருக்கு."

பர்னாந்து தண்ணீரைப் பார்த்தார். "நசுக்கினா கழண்டு போயிருமேன்னு..."

போஜன் வெளியே நீட்டிக்கொண்டிருந்த முள்ளைக் குறடால் நசுக்கி, கொக்கியைப் போன வழியே பின்னுக்கு எடுத்தார். மீனை அவரிடம் நீட்டினார்.

"கையை நனைங்க."

பர்னாந்து வாங்கிக்கொண்டார். நீரோட்டத்தைப் பார்க்க வைத்துத் தாங்கினார். மீன் அசையவில்லை. செவுள் எப்போதோ ஒருமுறை திறந்து மூடியது. தண்ணீரின் குளிரில் அவருக்கு முதலில் விரல்கள் மரத்தன, பிறகு முட்டிவலியும் மறந்துபோனது. வெகுநேரம் கழித்து வாலில் ஒரு துடிப்பு வந்தது. அவருடைய கட்டைவிரல் தானாக மூடப் பார்த்தது. அவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டார்.

மீன் கிளம்பியது. ஈரக் கையால் அதன் விலாவை மெல்லத் தட்டி, வாய்ப் பழக்கத்தில் என்னவோ சொன்னார்.

"போயிட்டு வாம்மா."

பிறகு இருவரும் கரையில் உட்கார்ந்தார்கள். மதுரை விமான நிலையத்தில் நடந்ததைப் பர்னாந்து முதல்முறையாகச் சொன்னார். புறப்படும் நேரத்தில், நெற்றியில் சிலுவை போடச் சொல்லி மெலிட்டா அவர் முன்னால் வந்து குனிந்து நின்றாளாம். இவர் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லையாம்.

"போறவ போனவளாவே இருன்னுட்டேன், ஆசானே. ஆனா தடுக்கலியே. விட்டுட்டேனே."

போஜன் துருப்பிடித்த கொக்கியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

பர்னாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேட்டிலிருந்த ஒற்றைப் பாறையைப் பார்த்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து பத்தடி நடந்தவர், நின்று திரும்பினார்.

"அவகிட்ட என்னத்தச் சொல்ல, ஆசானே?"

போஜன் குறடைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மீன்கிட்ட என்ன சொன்னீங்க, ஐயா?"